பிள்ளையின் முதற் படுக்கை

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் கல்லூரி மண்டபத்தில் நடத்திய சுகாதார அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது 1998 ஆம் ஆண்டில், பேச்சுப் போட்டியொன்றில். முதலிடம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன் என்று புள்ளியைக் குறைத்துவிடுவார்கள். அன்று மணி அடித்த ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே கவனமாக இருக்கிறேன், ரீச்சர்.

சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "இளம் தாய்மாருக்குப் பயன்படுகிற ஏதாவது சொல்லுங்கோ" என்றார். எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தோழியின் மருமகளுக்கு முதற் பிள்ளை கிடைக்கப் போகிறது. குழுவில் உள்ளவர்கள் காசு சேர்த்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் தொட்டில் ஒன்று, அதுதான் இப்போது எல்லோரும் பசினெற் என்று சொல்வது, வாங்கிக் கொடுப்பதாக முடிவு. தோழி பதினொரு தொட்டில்களின் படங்களை அனுப்பி, "நீ டொக்டர்தானே, எது நல்லதெண்டு ஒரு வரியிலை சொல்லு" என்று எழுதியிருந்தாள். ஒரு வரியில் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்த உரை.

முதலில் உங்களை 1995 ஆம் ஆண்டுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். என் வயதுக்காரிகளுக்கு அந்த ஒக்டோபர் 30 ஐ நினைவூட்டத் தேவையில்லை. வலிகாமமே மழையில் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவு அது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு தங்கினோம். அந்த அறையில் பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பெண்பிள்ளையும் இருந்தது. தாய்க்கு உடம்பு தேறவில்லை. தரை ஈரம். சுற்றிவர ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். இரவில் யார் யார்மேல் புரளுவார்கள் என்று சொல்ல முடியாது.

எங்களோடு இருந்தவர்களில் இளைப்பாறிய மருத்துவ மாது ஒருவரும் இருந்தார். அவர் வகுப்பறையின் ஆசிரியர் மேசையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நாலு காலும் மேலே நின்றன. மேசைப் பலகை அடித்தளமாயிற்று. பலகையைச் சுற்றியிருந்த சட்டம் கரை கட்டியதுபோல் நின்றது. பலகையில் ஒரு பாய்த் துண்டு, அதன்மேல் நாலாய் மடித்து இறுக்கிச் செருகிய ஒரு சேலை. நாலு காலிலும் நுளம்பு வலையை இழுத்துக் கட்டினார். தாயின் கை எட்டும் தூரத்தில் மேசையைத் தள்ளி வைத்து, பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தினார். யாரோ இரக்கப்பட்டு ஒரு தலையணையைக் கொண்டுவந்தபோது, "அதைத் தாயின்ரை முதுகுக்கு வையுங்கோ, பிள்ளைக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று அது எனக்கு ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, பிரித்தானியாவில் குழந்தைநல வைத்தியராகப் பயிற்சி பெற்ற பிறகுதான், அந்த அம்மா செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்பது விளங்கியது. தட்டையான படுக்கை, உறுதியான படுக்கை, வெறுமையான படுக்கை, தாய்க்குப் பக்கத்தில் தனிப் படுக்கை. இந்த நாலும் இருந்தால் அது நல்ல தொட்டில். ஒன்று குறைந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது நல்ல தொட்டில் இல்லை.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல சுகத்தோடு பால் குடித்து உறங்கிய பிள்ளை காலையில் எழும்பாமல் போவதுண்டு. அது ஒரு வயதுக்குள், பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் நடக்கிறது. இரண்டாம் மாதம் முதல் நாலாம் மாதம் வரைதான் ஆபத்து மிகவும் கூடிய காலம். அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனோடு வைத்தியசாலையின் ஒரு சிறிய அறையில் இருந்து பேசுவதைவிடக் கடினமான வேலை என் தொழிலில் இல்லை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்கள் என்ன பிழை விட்டோம்?" அநேகமான வேளைகளில் அவர்கள் ஒரு பிழையும் விட்டிருக்கமாட்டார்கள். எல்லா மரணங்களுக்கும் காரணம் கண்டுபிடிக்க மருத்துவத்தால் இன்னும் முடியவில்லை. ஆனால் படுக்கையால் வரும் ஆபத்தைக் குறைக்க முடியும். எங்கள் கையில் இருப்பது அதுதான்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு வரலாறு சாட்சி. மேற்கு நாடுகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் குப்புறக் கிடத்தச் சொன்னவர்கள் வைத்தியர்களேதான். உலகமெங்கும் தாய்மார் வாங்கிப் படித்த டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் நூலில், 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து அந்த ஆலோசனை இருந்தது. நிமிர்ந்து படுத்தால் கக்கிய பால் புரைக்கேறிவிடும் என்ற பயம். 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் நடந்த ஆய்வுகள் அது பிழை என்று காட்டின. 1991 ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தம் கைக்குழந்தையை இப்படி இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பிள்ளைகளை நிமிர்த்திக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் அங்கு தொடங்கியது. அதற்கு அவரும் முன்னின்று பாடுபட்டார். ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து இல்லை, இயந்திரம் இல்லை, பிள்ளையைக் கிடத்தும் விதம் மட்டும் மாறியது.

புரைக்கேறும் என்ற பயம் எங்கள் அம்மாமாருக்கும் உண்டு. அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறேன். மூச்சுக்குழாய் முன்னுக்கும் உணவுக்குழாய் பின்னுக்கும் இருக்கின்றன. பிள்ளை நிமிர்ந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் கீழேதான் போகும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாக மாறிவிடும். ஆகவே பால் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை எடுத்துவிட்டு, தைரியமாக நிமிர்த்திக் கிடத்துங்கள்.

இனிக் கடைக்குப் போவோம். கடைக்காரர் தொட்டிலின் நிறத்தையும் பாட்டையும் காட்டுவார். நீங்கள் கையை உள்ளே விடுங்கள்.

முதலாவது, தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் உயர்ந்து சாய்வாக இருப்பது வேண்டாம். புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் மூச்சுக்குழாய் 4, 5 மில்லிமீற்றர் அகலந்தான். தலையோ உடம்பின் அளவுக்குப் பெரியது, கழுத்துக்குப் பலம் இல்லை. சாய்வில் நாடி நெஞ்சில் முட்டினால் அந்தச் சின்னக் குழாய் மடிந்துவிடும். பிள்ளை அழாமலே மூச்சுத் திணறும். சாய்வுப் படுக்கைகள் பல ஆண்டுகள் பெரிய கடைகளில் விற்கப்பட்டவைதான். அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் ஒரே வகைச் சாய்வுப் படுக்கையில் ஏறத்தாழ 47 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. 30 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இறந்த பின்னர்தான் அது நடந்தது. 2022 இல் அந்த நாடு 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறக்கப் படுக்கைகளையும், தொட்டிலின் உட்புறத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் சட்டம் போட்டுத் தடை செய்தது. கடையில் விற்கிறார்கள் என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. காரில் வைக்கும் இருக்கையும் இப்படித்தான். பயணம் முடிந்ததும் பிள்ளையை எடுத்துத் தட்டையாகக் கிடத்த வேண்டும்.

இரண்டாவது, மெத்தை உறுதியானதா? உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் விழுந்து நின்றால் வேண்டாம். உங்கள் கைக்குக் கடினமாகத் தோன்றுவது பிள்ளைக்குச் சரியாக இருக்கும். மெத்தைக்கும் கரைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தொட்டிலோடு வந்த மெத்தையையே பாவியுங்கள். கடினமாக இருக்கிறதே என்று மேலே இன்னொரு பஞ்சு மெத்தை போடாதீர்கள்.

மூன்றாவது, கரை. காற்றுப் புகும் வலைத்துணிக் கரை நல்லது. மரத்தொட்டிலாயின் கம்பிகளுக்கிடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம். குளிர்பானத் தகரக் குவளை ஒன்று உள்ளே நுழைந்தால் அந்த இடைவெளி பெரிது. அம்மம்மா வளர்ந்த தொட்டிலைப் பேரப்பிள்ளைக்குப் புதுக்கி வைத்திருப்பவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டும். ஆணி, திருகாணி, பழைய பெயின்ற் எல்லாவற்றையும் பாருங்கள்.

நாலாவது, கட்டிலோடு ஒட்டி வைப்பதாக இருந்தால் இணைப்பைக் கவனியுங்கள். தொட்டிலைக் கட்டிலோடு கட்டும் பட்டி இறுக வேண்டும். தள்ளிப் பாருங்கள், விலகக் கூடாது. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு சிறு பிளவு இருந்தாலும் பிள்ளை அதற்குள் சறுக்கி அகப்படலாம். தாயின் பக்கத்துக் கரையை இறக்கினாலும் ஒரு சிறு தடுப்பு மிஞ்ச வேண்டும். ஐரோப்பியத் தரவிதி அதற்குக் குறைந்தது 12 சென்ரிமீற்றர் கேட்கிறது. அந்தத் தடுப்பு பிள்ளை உங்கள் மெத்தைக்கு உருண்டு வராமலும், உங்கள் போர்வை பிள்ளையின் முகத்துக்குப் போகாமலும் காக்கும். பால் கொடுத்து முடிந்ததும் கரையை உயர்த்திவிட்டுப் படுப்பது இன்னும் நல்லது.

இந்தத் தொட்டில்கள் கொஞ்ச நாளைக்குத்தான். பிள்ளை பிரளத் தொடங்கினாலோ, கையை ஊன்றி எழும்பப் பார்த்தாலோ அன்றோடு இதன் காலம் முடிந்தது. உயரமான கரையுள்ள பெரிய தொட்டிலுக்கு மாற்றுங்கள்.

இனித்தான் எங்களுக்குக் கடினமான பகுதி. எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றால் எதையாவது வைப்பதுதான். பிள்ளைக்குத் தலை நல்லாய் உருண்டு வர இலவம்பஞ்சுத் தலையணை, குளிருக்குப் பெரிய போர்வை, கரையில் கரடிப்பொம்மை, கழுத்தில் நூல், முப்பத்தொன்றுக்கு மாமி போட்ட பஞ்சாயுதம். ஒவ்வொன்றிலும் ஒருவரின் ஆசை இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை உறங்கும் நேரத்தில் இவை ஒன்றும் தொட்டிலுக்குள் இருக்கக் கூடாது. முகத்தில் விழுந்த துணியைத் தட்டிவிட அந்தக் கைகளுக்கு இன்னும் தெரியாது. பஞ்சாயுதத்தைக் கோவிலுக்குப் போகும்போது போடுங்கள், படம் எடுங்கள், உறங்க வைக்குமுன் கழற்றுங்கள். தலை தட்டையாகிவிடுமே என்ற கவலைக்கு மருந்து தலையணை இல்லை. பிள்ளை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் குப்புற விடுங்கள். கழுத்துக்கும் பலம் வரும்.

ஏணையைப் பற்றி யாரும் கேட்கமுன் நானே சொல்லிவிடுகிறேன். நானும் ஏணையில் வளர்ந்தவள். ஆட்டி அழுகையை நிறுத்த அதற்கு நிகர் இல்லை. ஆனால் சேலை வளைவில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டும், துணி முகத்தில் மூடும். யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஆட்டுங்கள். உறங்கியதும் எடுத்துத் தட்டையான இடத்தில் கிடத்துங்கள்.

நுளம்பு வலை எங்கள் நாட்டில் கட்டாயம் வேண்டும். டெங்கு இருக்கும் ஊரில் அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொட்டிலுக்கு வெளியே, இழுத்துக் கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். தொய்ந்து உள்ளே விழக் கூடாது. அறைக்குள் சாம்பிராணிப் புகை வேண்டாம். சிகரெற் புகை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். வீட்டிலுள்ள ஆண்களுக்கு இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உடுப்பும் அளவோடு போதும். பிள்ளையின் நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். லண்டனில் வீட்டுக்குள் சூடேற்றி வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தொப்பியும் போட்டுக் கம்பளியால் சுற்றி வைக்கும் அம்மம்மாமாரை நான் கிழமைதோறும் காண்கிறேன்.

இவ்வளவும் பேசுகிற நான் என்ன செய்தேன் என்று சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை.

என் மகள் 2011 மாரியில் இங்கிலாந்தில் பிறந்தாள். விலை கூடிய தொட்டில் ஒன்று வாங்கினோம். பாட்டும் பாடும், விளக்கும் எரியும். அறையின் மற்றப் பக்கத்தில் யன்னலோரம் வைத்திருந்தோம், அழகாக இருக்கிறதென்று. பிள்ளைக்கு ஐந்து கிழமையானபோது அந்தத் தொட்டில் மடித்த உடுப்பும் பரிசாக வந்த பொம்மைகளுமாக நிறைந்துவிட்டது. ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்குப் பால் கொடுக்க எழும்பினேன். கணவரின் உறக்கத்தைக் குழப்பக் கூடாது என்று வெளி அறைக்குப் போய்ச் சோபாவில் இருந்தேன். கண்ணயர்ந்ததே தெரியாது. ஊரிலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த அம்மா நாலரை மணிக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பி வந்திருக்கிறா. பிள்ளை என் கையிலிருந்து நழுவி, சோபாவின் மெத்தைக்கும் என் விலாவுக்கும் நடுவில் முகம் புதைந்து கிடந்திருக்கிறது. அம்மா பிள்ளையை இழுத்தெடுத்தா. அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையில்தான் நான் விழித்தேன்.

அம்மா என்னை ஏசவில்லை. பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு தொட்டிலடிக்குப் போய், "இதுக்குள்ளை பிள்ளைக்கு எங்கை மோனை இடம்?" என்று மட்டும் கேட்டா. மற்றக் கையால் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தா. பிறகு தொட்டிலை இழுத்துவந்து என் கட்டிலோடு சேர்த்து வைத்தா. நான் சிறுவர் மருத்துவம் படித்தவள். மற்றத் தாய்மாருக்கு இதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவள். களைப்புக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது.

ஆகவே தொட்டில் வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் கடையில் நிற்கும் உங்களை நினைத்து வாங்காதீர்கள். விடியப்புறம் மூன்று மணிக்குக் கண் திறக்க முடியாமல் இருக்கும் அந்தத் தாயை நினைத்து வாங்குங்கள். அவள் எழும்பாமலே கையை நீட்டிப் பிள்ளையைத் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். குறைந்தது முதல் ஆறு மாதமாவது பிள்ளை தாயின் அறையிலேயே தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது. பால் கொடுக்கும்போது உறங்கிவிடுவோமோ என்று தோன்றினால் சோபாவுக்குப் போகவே வேண்டாம். கட்டிலிலேயே, தலையணை போர்வைகளை அகற்றிவிட்டுக் கொடுங்கள். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் சோபாவைவிட எவ்வளவோ மேல். விழித்த உடனே பிள்ளையைத் தொட்டிலில் விடுங்கள். தாயோ தகப்பனோ புகைப்பவராக, மது குடித்தவராக, உறக்கம் தரும் மருந்து எடுத்தவராக இருந்தால், அல்லது பிள்ளை மாதம் முந்தியோ நிறை குறைந்தோ பிறந்திருந்தால், ஒரே படுக்கையில் உறங்கவே வேண்டாம்.

"நாங்களெல்லாம் அம்மாவோடை ஒட்டிப் படுத்துத்தானே வளர்ந்தனாங்கள்" என்று அம்மம்மாமார் கேட்பது நியாயம். ஆனால் எதில் படுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். பாயில் படுத்தோம். பாய் உள்வாங்காது. மேலே பெரிய போர்வை இல்லை. இன்றைய கட்டில் மெத்தை கை வைத்தாலே புதைகிறது. இடம் மாறிய பிறகு அதே வழக்கம் அதே பாதுகாப்பைத் தராது. தொட்டில் வாங்க வசதியில்லாத இடத்திலும் இதுதான் வழி. தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் பிள்ளைக்கென்று ஒரு தனிப் பாய், இறுக்கிச் செருகிய ஒரு பருத்தித் துணி, வலை. அவ்வளவு போதும். வசதி குறைந்தவள் என்று எந்தத் தாயும் வெட்கப்படத் தேவையில்லை.

என் தோழிக்கு என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. பதினொரு படங்களில் விலை குறைந்த ஒன்றைச் சொன்னேன். பாட்டு இல்லை, சாய்வு இல்லை, தட்டையான மெத்தை, வலைக் கரை, கட்டும் பட்டி. "மிச்சக் காசுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டாள். "இரண்டு மெத்தை விரிப்பு வாங்கு. மிச்சத்துக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதம் சரக்குக் கறியும் சோறும் போகட்டும். கிழமையில் இரண்டு நாள் யாராவது போய்ப் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கோ, அவள் உறங்கட்டும்" என்று எழுதினேன். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் இப்போது முறை போட்டுச் சமைக்கிறார்கள். உலகெங்கும் பரந்திருக்கும் இந்தச் சங்கத்தால் ஒரு இளம் தாய்க்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

கவிழ்த்த மேசையில் உறங்கிய அந்தப் பிள்ளைக்கு இன்று முப்பது வயதாகியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்த மருத்துவ மாதுவின் பெயரையும் நான் கேட்டுவைக்கவில்லை. வகுப்பறையில் பாடம் நடக்காத அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரு பாடம் அது. 

ரீச்சர், மணி அடிக்கமுன் முடித்துவிட்டேன்.